கொலராடோ கல்லூரி ஓட்டக்காரர்களின் வட்டாரப் போட்டி முடிவுகளை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தொடக்கக் கல்லூரியை முடித்துவிட்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் படிக்கப் போயிருக்கும் உங்கள் மகள், நவம்பரில் நடந்த மலை வட்டார கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு, காட்டுப் பாதை வழியே ஓடும் நெடுந்தூர ஓட்டம்) போட்டியில் 41-ஆவதாக வந்திருக்கிறார். அணியில் ஐந்தாவதாக முடித்தவர் அவர். அணிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். முதல் இரண்டு அணிகள்தாம் தேசியப் போட்டிக்குப் போகும் என்று உங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் மறுநாளே மூன்றாவதாக வந்த அணிக்கும் அழைப்பு வந்துவிட்டது. இங்கே உறவினர்களோ “நாற்பத்தொன்றா?” என்று இழுக்கிறார்கள். கொலராடோ கல்லூரிகள் இத்தகைய வட்டாரப் போட்டிகளில் பொதுவாக எப்படிச் செய்திருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பது அதுதான் என்றாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது உங்கள் மகள் நன்றாக ஓடினாரா என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குப் பதில் கிடைக்காது என்பதால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் சிங்கப்பூரில் 24 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். அதில் பெரும்பகுதி கிராஸ் கன்ட்ரி இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பாசிரியராகக் கழிந்தது. இடையில் மேற்படிப்புக்காக இரண்டு ஆண்டுகள் கொலராடோவின் போல்டர் நகரில் இருந்தேன். அன்று பிடித்த பழக்கம், அங்குள்ள கல்லூரி ஓட்டக்காரர்களின் முடிவுகளை இன்றுவரை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். உடலியல் ஆய்வாளனோ மருத்துவனோ அல்லன். உங்கள் மகள் ஓடியதை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே போட்டி முறை, கல்லூரிகளின் வரலாறு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகவும், அவருடைய ஓட்டத்தைப் பற்றி ஊகமாகவும் எழுதுகிறேன். எது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் ஒரு கல்லூரி ஏழு பேரை நிறுத்தலாம். அவர்களில் முதலில் முடிக்கும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டினால் வருவதுதான் அணியின் புள்ளி. குறைந்த புள்ளி பெற்ற அணி வெற்றி பெறும். ஒரே அணியைச் சேர்ந்த ஐவர் 1, 2, 3, 4, 5 என்று வந்தால் 15 புள்ளி. அதற்குக் கீழே போக வழியில்லை. ஆறாவது, ஏழாவது ஆட்களின் எண்கள் கூட்டலில் சேராது. ஆனாலும் அவர்கள் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அவருடைய எண் அந்த அளவுக்குக் கூடிவிடும். முழு அணி இல்லாமல் தனியாக வந்து ஓடுபவர்களை அணிக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதனால்தான் முடிவுத் தாளில் ‘இடம்’ என்று ஒரு நிரலும் ‘புள்ளி’ என்று இன்னொரு நிரலும் இருக்கும். உங்கள் மகளின் இடம் 41 என்றால், அணிக்கு அவர் தந்த எண் அதைவிட ஒன்றிரண்டு குறைவாகக்கூட இருக்கலாம். அந்தத் தாளை எடுத்து இரண்டாவது நிரலைப் பாருங்கள்.

இந்தக் கணக்கை நான் காகிதத்தில் கற்றுக்கொள்ளவில்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் பள்ளிப் போட்டிகள் நடந்த காலத்தில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டிய ஒடுக்கமான வழி ஒன்று இருக்கும். ஓடி முடித்த பிள்ளைகள் அதற்குள் வரிசையாக நடந்து வர, ஆளுக்கொரு எண் அட்டையைக் கையில் கொடுப்போம். பிள்ளைகள் வியர்வையில் நனைந்த அட்டைகளைக் கொண்டுவந்து தங்கள் ஆசிரியரிடம் தருவார்கள். ஆசிரியர் அவற்றைக் கம்பியில் கோத்துப் பென்சிலால் கூட்டுவார். ஓர் ஆண்டு என் கையில் நான்கு அட்டைகள் இருந்தன, நான்கும் நல்ல எண்கள். ஐந்தாவது அட்டைக்காகக் காத்து நின்றேன். காட்டுப் பாதையின் கடைசி வளைவில் எங்கள் பள்ளிச் சட்டை தெரிவதற்குள் வேறு பள்ளிச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒவ்வொரு சட்டைக்கும் எங்கள் கூட்டுத்தொகை ஒன்று ஏறியது. கடைசியில் ஒரு மாணவி முகமெல்லாம் சிவந்து, கடைசி இருபது அடியில் இருவரை முந்திக்கொண்டு வந்து அட்டையை நீட்டினாள். அந்த இரண்டு இடங்களால் எங்களுக்குப் பதக்கம் கிடைத்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் முதல் மூன்று பேரின் பெயர்களை மட்டும் எழுதினேன். அந்த மாணவியின் பெயரை எழுதவில்லை. அது என் தவறு. இன்றும் அதை எண்ணி வருந்துகிறேன். உறவினர்கள் ‘நாற்பத்தொன்றா?’ என்று கேட்டதாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தப் பலகைதான் என் நினைவுக்கு வந்தது.

இனி வட்டாரப் போட்டி. என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் முதல் பிரிவுக் கல்லூரிகளை, அதாவது விளையாட்டில் மிக உயர்ந்த தரத்தில் போட்டியிடுபவற்றை, நாடு முழுவதும் ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. நவம்பர் நடுவில் ஒன்பது வட்டாரங்களிலும் போட்டி நடக்கும். ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6 கிலோமீட்டர். ஒவ்வொரு வட்டாரத்திலும் முதல் இரண்டு அணிகள் நேரடியாகத் தேசியப் போட்டிக்குப் போகும். அது 18 அணிகள். ஆனால் தேசியப் போட்டியில் ஓடுபவை 31 அணிகள். மீதமுள்ள 13 இடங்களை, அந்தப் பருவத்தில் நடந்த பெரிய போட்டிகளில் யார் யாரை வென்றார்கள் என்பதைப் பார்த்து நிரப்புவார்கள். ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட அணிகளைப் பருவத்தின் நடுவில் வென்றிருந்த அணிக்கு அது பெரிய பலம். உங்கள் மகளின் அணி மூன்றாவதாக வந்தும் அழைக்கப்பட்டது இந்த வழியில்தான். யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடமாக அதை எண்ண வேண்டாம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் உங்கள் மகளும் தோழிகளும் ஓடிய ஓட்டங்களுக்கு நவம்பரில் கிடைத்த பலன் அது. இவை தவிர, அணியோடு தகுதி பெறாத தனி ஓட்டக்காரர்கள் 38 பேருக்கும் இடமுண்டு. 31 அணிகளுக்கு ஏழு பேர் வீதம் 217, அத்துடன் 38 சேர்த்தால் 255 பேர் தேசியப் போட்டியின் தொடக்கக் கோட்டில் நிற்பார்கள்.

ஒன்பது வட்டாரங்கள் என்றதும் ஒன்பதும் ஒரே கனம் என்று எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. கொலராடோ இருப்பது மலை வட்டாரத்தில். கொலராடோவுடன் யூட்டா, நியூ மெக்சிகோ, வயோமிங் ஆகிய மாநிலங்களின் கல்லூரிகளும், அரிசோனாவின் மலைப் பகுதியான ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கும் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகமும் அதே வட்டாரத்தில் ஓடுகின்றன. இந்த ஒரு வட்டாரம் எப்படிப்பட்டது என்பதற்குத் தேசிய வெற்றியாளர்களின் பட்டியலே சாட்சி. ஆண்கள் பிரிவில் 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளும் போல்டரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகம் வென்றது. 2016, 2017, 2018, 2020, 2021, 2022 ஆகிய ஆறு பருவங்களை வடக்கு அரிசோனா வென்றது. 2019-இலும் 2024-இலும் யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகம். அதாவது 2013 முதல் 2024 வரையிலான பன்னிரண்டு பருவங்களில் பத்துப் பட்டங்கள் இந்த ஒரே வட்டாரத்துக்குப் போயிருக்கின்றன. பெண்கள் பிரிவில் 2015-இலும் 2017-இலும் நியூ மெக்சிகோ, 2018-இல் கொலராடோ, 2020-இலும் 2024-இலும் பிரிகம் யங் என்று பத்துப் பருவங்களில் ஐந்து பட்டங்கள்.

இன்னும் கூர்ந்து பார்த்தால், நாட்டின் முதல் இரண்டு இடங்களையுமே மலை வட்டாரம் எடுத்துக்கொண்ட ஆண்டுகளும் உண்டு. 2013-இல் ஆண்கள் பிரிவில் கொலராடோ 149 புள்ளியுடன் முதலிடம், வடக்கு அரிசோனா 169 புள்ளியுடன் இரண்டாமிடம். 2018-இல் ஆண்களில் வடக்கு அரிசோனாவும் பிரிகம் யங்கும், பெண்களில் கொலராடோவும் நியூ மெக்சிகோவும் முதல் இரண்டு இடங்களில் வந்தன. அத்தகைய ஆண்டில் மலை வட்டாரத்தில் மூன்றாவதாக வரும் அணியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்னால் நின்றவை நாட்டிலேயே முதல் இரண்டு அணிகள். வேறொரு வட்டாரத்தில் ஓடியிருந்தால் அதே அணி கோப்பையோடு திரும்பியிருக்கக்கூடும். உங்கள் மகளின் அணிக்கு முன்னால் வந்த இரண்டு கல்லூரிகள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. அவற்றின் பெயர்களைத் தெரிந்துகொண்டு, சென்ற மூன்று நான்கு ஆண்டுகளின் தேசியப் பட்டியலில் அவை எங்கே நின்றன என்று பாருங்கள். உறவினர்களுக்கான பதிலில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கொலராடோவின் கல்லூரிகளில் பெரிய பெயர் போல்டரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்துக்குத்தான். 1990-களின் நடுவிலிருந்து 2024 வரை மார்க் வெட்மோர் அங்கே தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அவருடைய காலத்தில் ஆண்கள் அணி 2001, 2004, 2006, 2013, 2014 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும், பெண்கள் அணி 2000, 2004, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றன. 2004-இல் ஒரே நாளில் இரண்டு பட்டங்களும் வந்தன. தனி ஓட்டக்காரர்களில் 1998-இல் ஆடம் கவுச்சர், 2002-இல் ஹோர்ஹே டோரஸ், 2003-இல் டேத்தன் ரிட்சன்ஹைன், பெண்களில் 2000-இல் பின்னாளில் காரா கவுச்சர் என்று அறியப்பட்டவர், 2018-இல் டேனி ஜோன்ஸ் ஆகியோர் தேசிய வெற்றியாளர்கள். இப்படிப்பட்ட அணிக்கு வட்டாரப் போட்டி என்பது வாசல். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த வாசலைத் தாண்டிவிடுவார்கள் என்பதே எதிர்பார்ப்பு.

ஆனால் அந்தப் பட்டங்களைவிட அவை எப்படிக் கிடைத்தன என்பதுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. 2001-இல் கொலராடோ ஆண்கள் 90 புள்ளி, ஸ்டான்ஃபர்ட் 91 புள்ளி. பத்துக் கிலோமீட்டர் ஓடி, ஐந்து பேரின் இடங்களைக் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு ஒன்று. 2004-இல் கொலராடோ 90, விஸ்கான்சின் 94. பெண்கள் பிரிவில் 2023-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 123 புள்ளியில் வென்றபோது வடக்கு அரிசோனா 124-இல் நின்றது. 2022-இல் ஆண்கள் பிரிவில் வடக்கு அரிசோனாவும் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகமும் தலா 83 புள்ளி எடுத்துச் சமமாக நிற்க, இரண்டு அணிகளின் ஆட்களையும் ஒன்றுக்கு ஒன்றாக ஒப்பிட்டு வடக்கு அரிசோனாவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். முதலில் வருபவர் ஒரு விநாடி வேகமாக ஓடினால் அவருடைய இடம் பெரும்பாலும் மாறாது. முன்னால் ஆட்கள் நெருக்கமாக இருப்பதில்லை. ஐந்தாவதாக வருபவரைச் சுற்றித்தான் கூட்டம் அடர்த்தி. அங்கே பத்து விநாடிக்குள் பத்துப் பேர் முடிப்பது சாதாரணம். ஒரு விநாடிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் ஏறுவதும் இறங்குவதும் அந்த இடத்தில்தான்.

எடுத்துக்காட்டாக, ஒரு கொலராடோ அணியின் ஐவர் 7, 15, 23, 30, 41 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 116. ஐந்தாவது ஆள் கடைசிக் கிலோமீட்டரில் சோர்ந்து 60-ஆவதாக வந்திருந்தால் 135. மலை வட்டாரத்தில் 19 புள்ளி என்பது மூன்றாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையிலான தூரமாகிவிடலாம். மூன்றாம் இடத்தைவிட ஐந்தாம் இடத்திலிருந்து தேசியப் போட்டிக்கு அழைப்பு வருவது கடினம். இந்த எண்களை நான் கணக்கை விளக்கத்தான் எழுதினேன். உங்கள் மகளின் அணியில் மற்ற நால்வரின் எண்களை அந்தத் தாளிலிருந்து எடுத்து இதே கூட்டலை நீங்களே செய்து பாருங்கள்.

போல்டரைத் தவிர மற்றக் கல்லூரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் எங்கே படிக்கிறார் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. முதல் பிரிவில் ஃபோர்ட் காலின்சில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம், கொலராடோ ஸ்பிரிங்சில் உள்ள ஆகாயப்படைக் கழகம், கிரீலியில் உள்ள வடக்கு கொலராடோ பல்கலைக்கழகம் ஆகியவையும் இதே மலை வட்டாரத்தில் ஓடுகின்றன. இவற்றுள் முதல் இரண்டும் சில ஆண்டுகளில் தேசியப் போட்டிக்கு அணியாகத் தகுதி பெற்றவை. இரண்டாம் பிரிவில் கொலராடோவின் வரலாறு இன்னும் பெரிது. அலமோசா என்ற சிறிய ஊரில், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆடம்ஸ் மாநிலப் பல்கலைக்கழகம், 1992-இல் இரண்டாம் பிரிவுத் தேசியப் போட்டியில் நான் மேலே சொன்ன அந்த 15 புள்ளியை எடுத்தது. நாடு முழுவதிலுமிருந்து வந்த அணிகளுக்கு எதிராக முதல் ஐந்து இடங்களும் ஒரே கல்லூரிக்கு. அப்போது அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஜோ விஜில். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்ற டீனா காஸ்டருக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. 1982 முதல் 1989 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அமெரிக்காவின் தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்ற பேட் போர்ட்டரும் அந்தக் கல்லூரியில் படித்தவர். கன்னிசனில் உள்ள வெஸ்டர்ன் கொலராடோ பல்கலைக்கழகமும், 2015-இல் இரண்டாம் பிரிவு ஆண்கள் பட்டத்தை வென்ற கோல்டன் நகரின் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியும் அதே தரத்தவை.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்வதில் எச்சரிக்கை தேவை. வட்டாரப் போட்டியில் எல்லா அணிகளும் முழு வேகத்தில் ஓடுகின்றனவா என்றால், இல்லை என்பதே என் அனுபவம். தேசியப் போட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் வந்துவிடும். இரண்டாம் இடம் கையில் இருக்கிறது என்று தெரிந்த அணி, தன் முதல் மூன்று பேரைச் சேர்ந்தே ஓடச் சொல்லி, கடைசி இரண்டு கிலோமீட்டரில்கூட முடுக்காமல் கொண்டுவந்து சேர்க்கும். தகுதி உறுதி என்று தெரிந்தால் ஒருவரை ஓய்வில் வைக்கும் பயிற்றுவிப்பாளர்களும் உண்டு. ஆனால் இந்த ஆண்டு எந்த அணி அப்படி ஓடியது என்பதை முடிவுத் தாளை மட்டும் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது. ஆகவே வட்டாரப் போட்டியில் முதலில் வந்த அணிக்கும் மூன்றாவதாக வந்த அணிக்கும் இடையிலான உண்மையான தூரத்தை அந்த ஒரு நாளின் புள்ளிகளால் அளக்க நான் துணிய மாட்டேன். மூன்றாம் இடத்தில் நின்ற அணிக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இருப்பதில்லை. அது ஐந்து பேரையும் முழு மூச்சில் ஓடவிட்டிருக்கும் என்பது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம்.

உயரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொலராடோவில் ஓடினாலே வேகம் வந்துவிடும் என்று ஒருவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போல்டர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் புக்கிட் தீமா குன்றின் உச்சி 164 மீட்டருக்கும் குறைவு. போல்டரின் காற்றழுத்தம் இங்கிருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. நான் அங்கே போன முதல் வாரத்தில், இங்கே பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, சாலையோர வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொண்டது, கால்களில் வலி எதுவும் இல்லை, ஆனால் மூச்சு போதவில்லை. வாரங்கள் போகப்போக உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கி ஓரளவு ஈடு செய்கிறது. அதற்கு உடலில் இரும்புச் சத்து போதிய அளவு இருக்கவேண்டும். பெண் ஓட்டக்காரர்களுக்கு இது முக்கியம் என்பதால், மகள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறாரா என்று அன்போடு கேளுங்கள். இவ்வளவும் நிலைநாட்டப்பட்டவை. உயரத்தில் பயிற்சி செய்தவர் தாழ்வான இடத்துக்கு வந்து ஓடும்போது எவ்வளவு நன்மை பெறுவார் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு அது கண்கூடாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. மலை வட்டாரத்தின் வெற்றிகளுக்கு உயரம் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் நல்ல பயிற்றுவிப்பாளர்களும், அவர்களைத் தேடி வரும் நல்ல ஓட்டக்காரர்களும் அதே இடங்களில் சேர்ந்திருப்பதால், உயரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கடல் மட்டத்தில், வெக்கையில் வளர்ந்தவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் ஒத்துவராது என்று நம்மவர்களே சிலர் சொல்வதுண்டு. பி.சி. சுப்பையா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக 10,000 மீட்டர் ஓடினார். 1973-இல் அவர் அதே தூரத்தை 31 நிமிடம் 19 விநாடியில் ஓடி வைத்த தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. கே. ஜெயமணி 1983-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மாரத்தான் தங்கம் வென்றார். உங்கள் உறவினர்களிடம் இந்த இரு பெயர்களையும் சொல்லிப் பாருங்கள். வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

தேசியப் போட்டியைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே சொல்லவேண்டும், ஏனென்றால் முடிவு வந்தபின் சொன்னால் ஆறுதல் போலத் தோன்றும். 2009-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜென்னி பேரிங்கர் அந்தப் பருவம் முழுவதும் தோல்வியே காணாமல் தேசியப் போட்டிக்கு வந்தார். வெற்றி அவருக்கே என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் நடுவில் திடீரென்று தளர்ந்து கீழே விழுந்தார். எழுந்தார், ஓடினார், 163-ஆவதாக முடித்தார். அவர் அன்று ஓட்டத்தை விட்டு விலகியிருக்கலாம். அணிக்காக ஓடி முடித்தார். இரண்டே ஆண்டுகளில், 2011-இல், திருமணத்துக்குப் பின் ஜென்னி சிம்ப்சன் என்ற பெயரில், உலகப் போட்டியில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே 163 என்ற எண் வந்திருக்கும்போது, 255 பேரில் முதல் முறை ஓடும் ஒருவருக்கு 150-ஐ ஒட்டிய எண் வந்தால் அதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டியதில்லை. வட்டாரத்தில் 41 என்பது தேசியத்தில் எத்தனையாக மாறும் என்று என்னால் கணித்துச் சொல்ல முடியாது. ஆனால் எண் பெரிதாகத்தான் வரும், ஏனென்றால் ஒன்பது வட்டாரங்களின் முன்னணி ஆட்களும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

இனி உங்கள் மகளைப் பற்றி. மலை வட்டாரத்தில், தேசியப் போட்டிக்கு அழைக்கப்பட்ட ஓர் அணியின் ஐந்து எண்களில் ஒன்று அவருடையது. அவர் முதலாண்டு மாணவி என்றால், இங்கிருந்து போய் மூன்று மாதமே ஆன நிலையில், அந்த உயரத்தில், அந்தக் கூட்டத்தில் 41-ஆவதாக வந்தது நல்ல ஓட்டம். இதை நான் ஐயமில்லாமல் சொல்வேன். அதைவிட நன்றாக ஓடியிருக்க முடியுமா என்பதற்கு ஒரு தாள் போதாது. முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று பாருங்கள். பருவத் தொடக்கத்தில் இருந்த இடைவெளியைவிட இப்போது குறைந்திருந்தால் அவர் அணியை நெருங்கி வருகிறார் என்று பொருள். போட்டியில் நான்காவது கிலோமீட்டரில் அவர் எத்தனையாவதாக இருந்தார் என்பதும் சில முடிவுத் தாள்களில் இருக்கும். அங்கே 55-ஆவதாக இருந்து 41-ஆவதாக முடித்திருந்தால் அது ஒரு கதை. 30-ஆவதாக இருந்து 41-க்கு வந்திருந்தால் அது வேறு கதை. இரண்டாவது கதையாக இருந்தால், தொடக்கத்தில் வேகமாகப் போய்விட்டாரா, இல்லை உயரம் இன்னும் பழகவில்லையா என்பதை அவருடைய பயிற்றுவிப்பாளர்தான் சொல்ல முடியும். தொலைவில் இருக்கும் நானோ நீங்களோ சொல்லக்கூடாது.

அவரிடம் பேசும்போது எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்க வேண்டாம், அதுதான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே. கடைசிக் கிலோமீட்டரில் யாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினாய், எத்தனை பேரைத் தாண்டினாய் என்று கேளுங்கள். ஓட்டக்காரப் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்வார்கள். நவம்பரில் கொலராடோ நம்மைவிட 15 மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே மாலை ஆறு மணிக்கு அவர் பயிற்சி முடித்து அறைக்கு வரும்போது நமக்கு மறுநாள் காலை ஒன்பது மணி. பேசுவதற்கு அது நல்ல நேரம். தேசியப் போட்டியின் முடிவுத் தாள் வந்ததும் அவருடைய அணியைத் தேடி, ஐந்தாவது பெயரில் விரலை வைத்துப் பாருங்கள்; அது அவருடைய பெயராக இருந்தால் அதற்கு நேரே இருக்கும் புள்ளியையும், அடுத்த அணியின் ஐந்தாவது பெயருக்கு நேரே இருக்கும் புள்ளியையும் ஒப்பிடுங்கள். விரும்பினால் அந்த இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள். என்னால் முடிந்தவரை படித்துச் சொல்கிறேன்.